வேலூர்ப் பக்கம் விடியல், அந்தி வெளிச்சத்தில் படம் எடுக்கச் சரியான நேரம் எது?

கேள்வி இதுதான்: வேலூர்க் கோட்டையை விடியல் வெயிலில் எடுக்க, ஆப் காட்டிய உதய நேரத்துக்குப் போய் நின்றாகிவிட்டது. அரை மணி நேரம் கழித்துத்தான் மதில்மேல் வெயில் விழுந்தது, விழும்போதே வெள்ளையாக இருந்தது. 'கோல்டன் ஹவர்' என்கிறார்களே, இங்கே அது எப்போது வரும்?

ஆப்பின் மேல் தப்பில்லை. எதிரே மலை, மரம், கட்டடம் எதுவுமே இல்லாத வெட்டவெளி அடிவானத்துக்கு அது கணக்குப் போடுகிறது. வேலூருக்குக் கிழக்கே சஜ்ஜாரா, குஜ்ஜாரா, முர்தசாகர் என்று மலைக்கோட்டைகள் வரிசையாக நிற்கின்றன. சூரியன் அடிவானத்தில் உதித்து, மலை முதுகைத் தாண்டி மேலே வந்த பிறகுதான் கீழே கோட்டைப் பக்கம் வெயில் இறங்கும். அதற்குள் பொன்னிறம் கழன்றுவிடுகிறது.

அதனால் கடிகாரத்தை விட்டுவிட்டு டிகிரியைப் பிடியுங்கள். சூரியன் அடிவானத்திலிருந்து 6 டிகிரி உயரம் வரை இருக்கும்போதுதான் வெயிலில் அந்த மஞ்சள் இருக்கும். அடிவானத்தை ஒட்டி வரும் ஒளி, உச்சிவெயிலைப்போல ஏறத்தாழ 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. நீலம் வழியிலேயே சிதறிப்போக, மஞ்சளும் சிவப்பும் மட்டும் நம்மிடம் வந்து சேர்கின்றன. 6 டிகிரியில் இதே கணக்கு 9 மடங்காகக் குறைந்துவிடும், வெயில் வெளுக்க ஆரம்பித்துவிடும்.

வேலூர் இருப்பது சுமார் 13 டிகிரி அட்சரேகையில். இங்கே சூரியன் கிட்டத்தட்ட நேர்செங்குத்தாக ஏறி இறங்கும். ஒரு டிகிரி ஏற நாலு நிமிடம்தான், ஜூனிலும் டிசம்பரிலும் நாலரை. ஆக 6 டிகிரிக்கு 25 முதல் 27 நிமிடம். 'ஹவர்' என்ற பெயரெல்லாம் சூரியன் சாய்ந்து சாய்ந்து இறங்கும் ஊர்களுக்குப் பொருந்தும். லண்டனில் டிசம்பர் மாதம் இதே 6 டிகிரிக்கு 50 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அங்கே எழுதிய பாடத்தைப் படித்துவிட்டு இங்கே நிதானமாக டிரைபாட் விரித்தால், லென்ஸ் மாட்டி முடிப்பதற்குள் கதை முடிந்திருக்கும்.

மலை எவ்வளவு தாமதம் செய்யும் என்பதையும் கணக்குப் போட்டுவிடலாம். நீங்கள் நிற்கும் இடத்தைவிட மலை எத்தனை மீட்டர் உயரமோ அதை, மலை இருக்கும் தூரத்தால் வகுத்து 57 ஆல் பெருக்குங்கள். வருவது டிகிரி. அதை நாலால் பெருக்கினால் நிமிடம். 200 மீட்டர் உயர்ந்த குன்று 2 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் 5.7 டிகிரி, அதாவது 23 நிமிடம். பொன்வெயில் மொத்தத்தையும் அந்தக் குன்றே விழுங்கிவிட்டது என்று பொருள். கணக்குப் பிடிக்காதவர்கள் முந்தின நாளே போய், கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கி அடிவானத்தின்மேல் வைத்துப் பார்க்கலாம். ஒரு முஷ்டி உயரம் ஏறத்தாழ 10 டிகிரி, அதாவது 40 நிமிடம். ஒரு விரல் அகலத்துக்குப் பதினைந்து நிமிடம் என்று ஒரு குறிப்பு எல்லா இடத்திலும் சுற்றுகிறது. அதை நம்பாதீர்கள். நம் ஊரில் ஒரு விரலுக்கு ஏழெட்டு நிமிடம்தான்.

மலை மறைக்கும் இடத்தில் காலையில் பொன்வெயிலுக்குக் காத்திருப்பது வீண். அங்கே காலையில் எடுக்க வேண்டியது உதயத்துக்கு முந்தைய 20 நிமிடத்தை. அப்போது காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும், அகழித் தண்ணீர் அசையாது, மதிலின் பிம்பம் முழுசாகக் கிடைக்கும். பிம்பம் நிஜத்தைவிட ஒன்று, ஒன்றரை ஸ்டாப் இருட்டாக விழும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகிறது என்று பொருள்). போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்) மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள், அது பிம்பத்தையே தின்றுவிடும். பொன்வெயில்தான் வேண்டுமென்றால் மாலையில் வாருங்கள். அகழியின் மேற்குப் பக்கம், மரம் மறைக்காத இடமாகப் பார்த்து, சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நில்லுங்கள். மதிலும், அது தெரிகிற இடமானால் பின்னாலுள்ள கிழக்கு மலைகளும் ஒன்றாகச் சிவக்கும்.

எந்த மாதம் எந்தச் சுவர் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஜூனில் சூரியன் நேர்கிழக்குக்கு 24 டிகிரி வடக்கே உதிக்கிறது, வடக்கே தள்ளித்தான் மறைகிறது. டிசம்பரில் அதே அளவு தெற்கே. ஆகவே வடக்குச் சுவரின் சிற்பங்களைச் சாய்வெயிலில் எடுக்க மே, ஜூன், ஜூலை. தெற்குச் சுவருக்கு நவம்பர் முதல் ஜனவரி வரை. புடைப்புச் சிற்பத்துக்கு வெயில் சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வர வேண்டும், அப்போதுதான் செதுக்கல் எழுந்து நிற்கும். நேரெதிரில் வந்தால் தட்டையாகிவிடும். 'விரிஞ்சிபுரம் மதிலழகு' என்பார்களே, வேலூர்ப் பக்கத்து அந்தக் கோயிலின் நீண்ட மதிலை எடுக்கப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு மாதத்தைத் தேர்ந்தெடுக்கலாம். குகைக் கோயில் வேறு மாதிரி. ராணிப்பேட்டை மாவட்டம் மகேந்திரவாடியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த ஒற்றைப் பாறைக் கோயில் கிழக்கு பார்த்தது. தாழ்ந்த வெயில்தான் தூண்களுக்கு இடையே உள்ளே நுழையும். சூரியன் கொஞ்சம் ஏறினாலும் உள்ளே நிழல், வெளியே வெள்ளை. அங்கே காலை முதல் கால் மணி நேரத்துக்கு மாற்றே இல்லை. சூரியன் நேர்கிழக்கில் உதிக்கும் மார்ச், செப்டம்பர் கடைசி வாரங்கள் இதற்கு வாட்டம்.

இப்போது கடிகாரக் கணக்கு. ஓரிரு நிமிடம் முன்பின் இருக்கும். வேலூரில் ஜூன் 21 உதயம் 5:47, மறைவு 6:41. செப்டம்பர் 23 உதயம் 6:02, மறைவு 6:09. டிசம்பர் 21 உதயம் 6:30, மறைவு 5:52. மார்ச் 21 உதயம் 6:16, மறைவு 6:23. சென்னைக்கான நேரத்தைப் பார்த்துக் கிளம்புகிறவர்கள் வேலூருக்கு நாலைந்து நிமிடம், திருப்பத்தூர் ஏலகிரிப் பக்கத்துக்கு ஆறேழு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். மார்கழியில்தான் சூரியன் ரொம்பத் தாமதமாக உதிக்கும் என்று நினைப்போம். உண்மையில் கடைசியாக உதிப்பது தை நடுவில், 6:39 அளவில். சீக்கிரமாக மறைவதும் டிசம்பரில் இல்லை, நவம்பர் மூன்றாவது வாரத்தில், 5:43க்கு. காரணம், நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையின் சராசரி நேரத்தைக் காட்டுகிறது, சூரியன் அதற்குக் கட்டுப்பட்டு நடப்பதில்லை. விரிஞ்சிபுரம் கோயிலில் நேரம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது. அதில் நிழல் 12ஐத் தொடும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்தால், பிப்ரவரி இரண்டாவது வாரத்தில் 12:28 இருக்கும், நவம்பர் தொடக்கத்தில் 12க்கு மூன்று நிமிடம் குறைவாக இருக்கும். கல்லில் தவறில்லை.

மலைமேல் இருக்கும் மண்டபத்துக்குப் பின்னால் முழுச் சூரியனை வைத்து எடுப்பது பலருக்கும் ஆசை. இதில் இடத்தைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும், லென்ஸ் அப்புறம். சூரியத் தட்டின் அகலம் அரை டிகிரி. ஒரு பொருள் எத்தனை அகலமோ அதைப்போல 109 மடங்கு தூரத்தில் நின்றால் தட்டும் பொருளும் ஒரே அளவாகத் தெரியும். 10 மீட்டர் மண்டபத்துக்கு 1.1 கிலோமீட்டர். 400 மி.மீ. லென்ஸில் ஃபுல் ஃபிரேம் சென்சார்மேல் சூரியன் 3.7 மி.மீ. அகலம் விழும், அவ்வளவுதான்.

இங்கே எல்லோரையும் கவிழ்ப்பது இரண்டு விஷயம். முதலாவது, ஆப் காட்டும் திசை தட்டை அடிவானத்துக்கானது. சூரியன் மேலே ஏறும்போதே வலப்பக்கம் நகர்கிறது, ஒரு டிகிரிக்குக் கால் டிகிரி அளவு. 5 டிகிரி உயர மலைக்கு மேல் வரும்போது, ஆப் சொன்ன புள்ளிக்கு ஒரு டிகிரிக்கு மேல் வலப்பக்கம் இருக்கும். இரண்டு சூரியன் அகலம்! மறைவின்போது மலைக்கோட்டில் மறையும் இடம் அந்தப் புள்ளிக்கு இடப்பக்கம். ஆகவே ஆப்பில் 'உதயத் திசை' பார்க்காமல், மலையின் உயரக் கோணத்தில் சூரியன் இருக்கும் நிமிடத்தின் திசையைப் பாருங்கள். இரண்டாவது, மார்ச், செப்டம்பரில் உதயப் புள்ளி நாளுக்கு 0.4 டிகிரி நகரும். இன்று சரியாக அமைந்தது நாளை முக்கால் தட்டு தள்ளிப்போகும். டிசம்பர் 21, ஜூன் 21 இரண்டையும் ஒட்டிய பத்து நாள் கிட்டத்தட்ட அசையாமல் அங்கேயே உதிக்கும். முதல்முறை முயல்கிறவர்கள் மார்கழித் தொடக்கத்தில் ஆரம்பிப்பதே புத்திசாலித்தனம். டெலி லென்ஸ் மாட்டிவிட்டு வியூஃபைண்டரில் கண்ணை வைத்துச் சூரியனைப் பார்க்காதீர்கள், லைவ் வியூவில் பாருங்கள்.

மறைவுக்குப் பின் வெளிச்சம் சரியும் வேகம்தான் எக்ஸ்போஷரைக் கெடுப்பது. மறைந்ததிலிருந்து சூரியன் 6 டிகிரி கீழே போகும்வரை 21 முதல் 23 நிமிடம். அதற்குள் தரைவெளிச்சம் கிட்டத்தட்ட 7 ஸ்டாப் இறங்குகிறது. மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப், பிற்பாதியில் இன்னும் வேகம். மேனுவலில் ஒருமுறை வைத்துவிட்டு பத்துப் படம் எடுத்தால் கடைசிப் படம் கறுப்பாகத்தான் வரும். எஃப் 8, ஐஎஸ்ஓ 100 இரண்டையும் பூட்டிவிட்டு ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்குங்கள். ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருந்தால் கேமரா அந்த மஞ்சளைக் 'குறை' என்று நினைத்துத் திருத்திவிடும், அதனால் டேலைட்டில் வையுங்கள். ஹிஸ்டோகிராமில் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடத்தில்) மொத்தக் கோட்டைப் பார்க்காமல் சிவப்பை மட்டும் தனியாகப் பாருங்கள். அந்தி வானத்தில் முதலில் எரிந்துபோவது சிவப்புதான், அப்புறம் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

விளக்குகளும் நீல வானமும் ஒன்றுக்கொன்று சமமாகும் நேரம், சூரியன் 4 முதல் 6 டிகிரி கீழே இருக்கும் எட்டொன்பது நிமிடம். பழைய வடாற்காட்டில் இதற்கு நல்ல உதாரணம் திருவண்ணாமலை கார்த்திகை தீபம். மலைமேல் தீபம் ஏற்றுவது மாலை 6 மணிக்கு. அந்த நாட்களில் அங்கே மறைவு 5:45 முதல் 5:50க்குள். எனவே 6 மணியிலிருந்து 6:10 வரைக்கும்தான் சுடரும் மலைக்கோடும் வானமும் ஒரே படத்தில் அமையும். அதற்குப் பிறகு கறுப்பு வானில் ஒரு பொட்டு மட்டும் மிஞ்சும். நட்சத்திரம் வேண்டுமென்றால் ஜவ்வாது மலைப் பக்கம், மறைந்து ஒன்றேகால் மணி நேரம் ஆகட்டும். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருப்பதே அந்த இருட்டுக்காகத்தான்.

வானிலை பற்றிச் சுருக்கமாக. கோடையில் தூசியும் புகைமூட்டமும் அடிவானத்தில் இரண்டு மூன்று டிகிரிக்குப் படிந்திருக்கும். ஏலகிரி விளிம்பில் நின்றால் கீழே சமவெளி தாழ்ந்திருப்பதால் கணக்குப்படி மறைவு மூன்று நிமிடம் தள்ளிப்போக வேண்டும். ஆனால் மூட்டம் பத்து நிமிடம் முன்னாலேயே சூரியனை விழுங்கிவிடும். அக்டோபர், நவம்பரில் மழை கழுவிவிட்ட மறுநாள் வானம்தான் வருடத்திலேயே சிறந்தது. மறைந்ததும் பையைக் கட்டாதீர்கள். உயரத்தில் மெல்லிய மேகம் இருந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத்தான் அடியிலிருந்து சிவக்கும். மேற்கே அடிவானத்தை ஒட்டிக் கனத்த மேகம் இருந்தால் அது நடக்காது.

ஏசி அறையிலிருந்து நேராக விடியற்காலை வெளியே வந்தால், மழை மாதங்களில் லென்ஸ் முகத்தில் ஆவி படியும். துடைத்தால் மறுபடி படியும். அரை மணி நேரம் முன்பே, ஜிப் போட்ட பையோடு கேமராவை வெளியே வைத்துவிடுங்கள். ஆவி படிவது லென்ஸின்மேல் இல்லாமல் பையின்மேல் போகட்டும்.

மொபைலில் எடுப்பவர்கள் வெளிச்சமான வானத்தில் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டி, ஸ்லைடரைக் கொஞ்சம் கீழே இழுங்கள். அந்தியில் நைட் மோடு தானாக எழுந்துகொண்டால் அணைத்துவிடுங்கள், அது அந்தியைப் பகலாக்கிவிடும். கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால் டிரைபாட் விரித்தால் அனுமதி கேட்பார்கள். கையோடு அனுமதி இல்லையென்றால் கைப்பிடிச் சுவரில் ஒரு சின்ன மணல் பையை வைத்து, அதன்மேல் கேமராவைப் பதித்து, இரண்டு நொடி டைமரில் எடுங்கள். ஒரு நொடி ஷட்டர் வரை அது தாங்கும்.