ஔவையார், 2009

அன்புள்ள ஐயா,

தர்மபுரி நடுகற்களில் வரும் ஆயுதங்களையும் இந்த வட்டாரத்து இரும்பு உருக்கலையும் சேர்த்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஒரே அத்தியாயத்தைக் கட்டுரையாக்கி அனுப்பினால் சான்று காட்ட வரலாற்று இதழ் அடிக்குறிப்பு கேட்கிறது, உலோகவியல் இதழ் சதுர அடைப்புக்குள் எண் கேட்கிறது, நெறியாளரோ வரிக்குள் பெயரும் ஆண்டும் போடும் ஏ.பி.ஏ. முறையைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்கிறார். யார் சொன்னது என்று சொல்ல ஒரே முறை போதாதா? கமாவை நகர்த்தியே இரண்டு மாதம் போய்விட்டது.

(பெயர் வேண்டாம், தர்மபுரி)

அன்புள்ள நண்பருக்கு,

கமா எங்கே, சாய்வெழுத்து எதற்கு என்பதெல்லாம் பெரும்பாலும் பதிப்பகத்தார் பழக்கம், அதில் காரணம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் வரிக்குள் ஆண்டு நிற்கிறதா, பக்கம் நிற்கிறதா, வெறும் எண்ணா என்பதில் காரணம் உண்டு. அந்தத் துறைக்காரர் படித்துக்கொண்டே வரும்போது சட்டென்று எதைக் கேட்பாரோ அதை அங்கேயே வைக்கிறார்கள், மற்றது கடைசிக்குப் போகிறது.

உங்கள் இரும்பையே எடுத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தபோது கிருஷ்ணகிரிக்காரர்கள் நாங்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டோம். 2025 ஜனவரியில் வந்த 'இரும்பின் தொன்மை' அறிக்கை தூத்துக்குடிப் பக்கம் சிவகளையைக் காட்டி கி.மு. 3345 வரை போய்விட்டது. இப்போது 'தமிழ்நாட்டின் மிகப் பழைய இரும்பு மயிலாடும்பாறையில்' என்ற வரியின் முடிவில் 2022 என்று இருந்தால் சரி, அன்றைய நிலவரம் என்று விட்டுவிடுவார்கள், 2025 என்று இருந்தால் சண்டைக்கு வருவார்கள். முடிவுகள் இப்படிப் பழசாகிக்கொண்டே இருக்கும் துறைகளில்தான் ஆசிரியர் பெயரும் ஆண்டும் வரிக்குள் வருகின்றன. உளவியல்காரர்களின் ஏ.பி.ஏ. அந்த வகை. இதற்கு ஆரம்பம் என்று காட்டப்படுவது 1881-இல் ஹார்வர்டு விலங்கியலாளர் எட்வர்ட் மார்க் எழுதிய கட்டுரை. அதுவும் எதைப் பற்றி, தோட்டத்தில் ஊரும் ஓடில்லாத நத்தையைப் பற்றி!

இதே முறையை இலக்கியத்தில் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் கூத்துதான். அதியமான் நெல்லிக்கனி தந்த பாட்டுக்கு '(ஔவையார், 2009)' என்று ஓர் ஆய்வேட்டில் பார்த்தேன், மறுபதிப்பு வந்த ஆண்டாம். ஏ.பி.ஏ.விலேயே பழைய நூல்களுக்குப் பாட்டு எண் கொடுக்க வழி இருக்கிறது, புறம் 91 என்று சேர்த்திருந்தால் எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் எடுத்துப் பார்த்துவிடுவார். இலக்கியக்காரருக்குச் சொல்தான் சான்று, அதனால்தான் எம்.எல்.ஏ. முறையில் (நம் தொகுதிக்காரர் இல்லை, அமெரிக்க மொழிச் சங்கத்தின் முறை) பெயரும் பக்கமும் மட்டும். நம் பரிமேலழகர் அதுவும் தரமாட்டார். 'என்றார் பிறரும்' என்று போய்க்கொண்டே இருப்பார், யார் அந்தப் பிறர் என்று அவருடைய வாசகருக்குத் தெரியும்.

நடுகல்லுக்கு வந்தால் பெயர், ஆண்டு, பக்கம் எதுவுமே பொருந்தாது. எழுதியவர் பெயர் இல்லை. ஆண்டு உண்டு, அது மயீந்திரபருமனின் (பல்லவன் மகேந்திரவர்மன்தான்) ஆட்சியாண்டு. கல் எந்த ஊரில் இருந்தது, இப்போது எந்த அருங்காட்சியகத்தில், தொகுப்பில் என்ன தொடர் எண், வட்டெழுத்தில் ஓர் எழுத்து தேய்ந்திருக்க அதை யார் எப்படி வாசித்தார், நீங்கள் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை, இத்தனையையும் அடைப்புக்குறிக்குள் திணிக்க முடியுமா? அதற்குத்தான் அடிக்குறிப்பு. வரலாற்றாய்வாளர்கள் அதை விடமாட்டார்கள், விடவும் கூடாது. 1906-இல் முதலில் வந்த சிகாகோ பல்கலைக்கழக அச்சகத்தின் நடைக் கையேடு இன்றைக்கும் அடிக்குறிப்பு முறை, ஆசிரியர்-ஆண்டு முறை என்று இரண்டையும் வைத்திருக்கிறது.

மருத்துவத்திலும் பொறியியலிலும் ஒரே வாக்கியத்துக்கு ஏழெட்டுச் சான்று வரும், எல்லாப் பெயரையும் எழுதினால் வாக்கியம் செத்துவிடும், அதனால் எண். 1978-இல் கனடாவின் வான்கூவரில் மருத்துவ இதழாசிரியர்கள் கூடிப் பேசியதில் வந்ததுதான் வான்கூவர் முறை. வக்கீல்களுக்கு எழுதியவர் பெயரே வேண்டாம். ஏ.ஐ.ஆர். 1973 எஸ்.சி. 1461 (தீர்ப்புத் தொகுப்பு, ஆண்டு, உச்ச நீதிமன்றம், பக்கம்) என்றால் கேசவானந்த பாரதி வழக்கு, முடிந்தது.

ஆக, உங்கள் இரண்டு இதழ்களும் ஆய்வேடும் மூன்று வேறு ஆட்களுக்குப் போகின்றன. நெறியாளரிடம் சண்டை வேண்டாம், ஆய்வேட்டை ஏ.பி.ஏ.விலேயே கொடுங்கள், கல்வெட்டுகளுக்கு மட்டும் தனிப் பட்டியல் அனுமதி கேளுங்கள். ஜோட்டிரோ மாதிரி மேற்கோள்களை அடுக்கித் தரும் இலவச மென்பொருளில் ஒருமுறை ஏற்றிவிட்டால் கமாவை அது பார்த்துக்கொள்ளும், நடுகல்லை மட்டும் கையால் சரிபாருங்கள், அதற்கு நடுகல் தெரியாது.

அப்புறம் உங்கள் பெயர். முன்னெழுத்தோடு கொடுத்தால் பிரச்சினை இல்லை, அப்பா பெயரை விரித்துப் பின்னால் போட்டால் அதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்வார்கள். என் முதல் ஆங்கிலக் கட்டுரைக்கு அப்படித்தான் ஆயிற்று. மாங்காய் மண்டியில் கணக்கு எழுதிய என் அப்பாதான் இன்றுவரை அந்தத் துறையில் மேற்கோள் காட்டப்படுகிறார். சொன்னபோது, "பணம் ஏதாவது வருமாடா?" என்று கேட்டார்.