அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் ஒரே போன்: ஐபோனா, ஆண்ட்ராய்டா?

சொந்தப் போனிலேயே அலுவலக வேலையையும் பார்க்க எது வசதி என்று கேட்டிருக்கிறீர்கள். கேமரா, விலை இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அலுவலகக் கணக்கைப் போனில் ஏற்றினால் நிர்வாகத்தால் எதைப் பார்க்க முடியும், எதை அழிக்க முடியும் என்பதுதான் முக்கியம்.

இந்த விஷயத்தில் என் ஓட்டு ஆண்ட்ராய்டுக்குத்தான். 2014-இல் வந்த 5.0 பதிப்பிலிருந்தே அதில் 'வொர்க் புரொஃபைல்' என்ற, அலுவலக வேலைக்கான தனிப் பகுதி உண்டு. அலுவலகச் செயலிகள் சின்னப் பெட்டி அடையாளத்தோடு தனியாக நிற்கும். ஒரே செயலியை இரண்டு பக்கமும் வைத்துக்கொள்ளலாம். சாயங்காலம் அலுவலகப் பக்கத்தை மொத்தமாக நிறுத்திவிட்டால், மறுபடி இயக்கும்வரை அந்த மெயில் சத்தமே கேட்காது. குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அது எவ்வளவு பெரிய நிம்மதி! வேலையை விட்டால் நிறுவனம் அந்தப் பகுதியை மட்டும் அழிக்கும். உங்கள் படங்கள் அப்படியே இருக்கும். நிறுவனமே வாங்கித் தந்த போன் என்றால் கதை வேறு, முழுப் போனையும் அழிக்கலாம்.

ஐபோனும் அலுவலகத் தரவைப் பிரித்தே வைக்கும். ஆனால் செயலிகள் ஒன்றாகக் கலந்து நிற்கும். அறிவிப்புகளை அடக்க ஃபோகஸ் வசதியை நீங்களே அமைக்க வேண்டும். வீட்டில் ஏற்கெனவே ஆப்பிளின் மடிக்கணினியான மேக்புக் இருந்தால் மட்டும் யோசிக்காமல் ஐபோன் வாங்குங்கள். போனில் நகலெடுத்த வரியை மேக்கில் ஒட்டலாம்.

அப்புறம், ஆப்பிளின் இணையச் சேமிப்பிடமான ஐகிளவுடில் இருக்கும் வாட்ஸ்அப் காப்புப் பிரதியை ஆண்ட்ராய்டில் மீட்க முடியாது. மாறுவதாக இருந்தால், உரையாடல்களை நேரடியாக மாற்றி முடிக்கும்வரை பழைய போனை விற்காதீர்கள்.