மல்லிக் குச்சி அடியில் கறுப்பது ஏன்? வாசகர் கேள்வி - பதில்

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து குச்சி நட்டு நாற்று எடுப்பது பற்றித்தான் கடிதங்கள் அதிகம் வருகின்றன. அவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

தோட்டத்துக் களிமண்ணோடு எரு கலந்து, சின்ன பாலித்தீன் பைகளில் குண்டுமல்லிக் குச்சி நட்டேன். மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு இறுக்கி மூடினேன். பத்து நாள் இலை பச்சையாகவே இருந்தது. பிறகு தொட்டால் குச்சி கையோடு வருகிறது. அடி கறுத்துக் கொழகொழவென்று இருக்கிறது. ஈரம் போதவில்லையா?
வாசகி, நாகப்பட்டினம்

ஈரம் நிறையவே இருக்கிறது, ஆனால் இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிறது. வேர் இல்லாத குச்சியால் போதிய தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் இலையைச் சுற்றியுள்ள காற்று ஈரமாக இருக்கவேண்டும். இலை வாடாமல் இருக்க அதுதான் வழி. குச்சியின் அடிக்கு வேண்டியது வேறு. வெட்டிய இடத்தில் புதுத் திசு உருவாகிறபோது அது வேகமாகச் சுவாசிக்கிறது, அதற்குப் பிராணவாயு வேண்டும். களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் காற்று புக இடமில்லை. திசு செத்துப்போகிறது, பித்தியம் போன்ற பூஞ்சைகள் உள்ளே புகுந்துவிடுகின்றன. இலையில் இருந்த ஈரம் பத்து நாள் பச்சையாகக் காட்டி ஏமாற்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் களிமண்ணையும் எருவையும் விட்டுவிடுங்கள். வேர் வரும்வரை குச்சிக்குச் சத்து எதுவும் தேவையில்லை. மக்காத எரு அழுகலைத்தான் கொண்டுவரும். தமிழகத்தின் பல மாவட்டங்களுக்கும் மல்லி நாற்று அனுப்பும் தங்கச்சிமடம் பகுதி மணற்பாங்கான நிலம் என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள். தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, கழுவிய பருமணல் அல்லது பெர்லைட் (எரிமலைக் கல்லைப் பொரித்த இலேசான வெள்ளை மணிகள்) ஒரு பங்கு போதும். எம்-சாண்ட் என்றால் தூள் போகும்வரை கழுவவேண்டும், இல்லாவிட்டால் அதுவும் சிமென்ட் போல இறுகிவிடும். நார்க்கழிவில் இயல்பாகவே உப்பு உண்டு. உங்கள் பகுதியில் ஆழ்குழாய்த் தண்ணீரும் பல இடங்களில் உப்புதான். எனவே மழைத்தண்ணீரைப் பிடித்து, அதில் இரண்டு மூன்று முறை ஊறவைத்து வடித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். கலவையை ஒரு பிடி எடுத்து அழுத்தினால் விரலிடுக்கில் இரண்டொரு சொட்டுதான் வரவேண்டும். ஒழுகினால் பரப்பிக் காயவிட்டு அப்புறம் நிரப்புங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று பாத்திரத்தின் ஆழம். எந்தக் கலவையானாலும் தண்ணீர் வடிந்த பிறகும் அடிப்பகுதியில் ஓர் அடுக்கு நனைந்தே நிற்கும். தட்டு ஆழம் குறைவென்றால் குச்சியின் அடி அந்த நனைந்த அடுக்கிலேயே உட்கார்ந்திருக்கும். 98 குழிகள் கொண்ட தட்டு காய்கறி நாற்றுக்குச் சரி, மழைக்கால மல்லிக்குச்சிக்கு ஆழம் போதாது. 10 சென்டிமீட்டராவது ஆழமுள்ள பையில், குச்சியை 3 சென்டிமீட்டர் மட்டும் இறக்குங்கள். பைகளைத் தரையில் வைக்காமல் கம்பி வலை மேசையிலோ செங்கல் மேலோ வைத்தால்தான் அடித்துளை வழியே தண்ணீர் வடியும், காற்றும் ஏறும்.

குச்சித் தேர்வுக்கு வருவோம். மிக இளசான பச்சை நுனியும் வேண்டாம், பட்டை முற்றிய கிளையும் வேண்டாம். வளைத்தால் ‘டக்’கென்று ஒடிகிற, பாதி முற்றிய தண்டுதான் தேவை. விடியற்காலையில் வெட்டி ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். நீளம் 12 முதல் 15 சென்டிமீட்டர், மூன்று நான்கு கணுக்கள். அடி வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக இருக்கட்டும். கீழ்க்கணுக்களின் இலைகளை நீக்கி, மேலே ஒரு ஜோடியை மட்டும் பாதியாக நறுக்கி விடுங்கள். மொட்டு இருந்தால் கட்டாயம் கிள்ளவேண்டும், இருக்கிற சொற்ப உணவை அது தின்றுவிடும். பத்துக் குச்சிக்கு ஒருமுறை கத்தியை ஸ்பிரிட்டில் துடையுங்கள்.

இனி மூடாக்கு. 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு மூங்கில் பத்தையை வளைத்து, 200 கேஜ் தடிமனுள்ள பிளாஸ்டிக் தாளைக் கூரை போலச் சரிவாகப் போடுங்கள். தாள் தட்டையாக இருந்தால் உள்ளே கோத்த நீர் சொட்டுச்சொட்டாக ஒரே பையில் விழுந்துகொண்டிருக்கும். சரிவாக இருந்தால் ஓரமாக வழிந்துவிடும். அதற்கும் மேலே 50 சதவீத நிழல்வலை வேண்டும். முதல் வாரம் உள்ளே ஈரப்பதம் 85 முதல் 90 சதவீதம் இருந்தால் போதுமானது. ஐப்பசியில் கடலோரத்தில் மழை நாளன்று வெளிக்காற்றே கிட்டத்தட்ட அந்த அளவில்தான் இருக்கிறது! அப்போது இறுக்கி மூடுவதால் நன்மை ஒன்றுமில்லை, காற்று அசையாமல் பூஞ்சை வளர்வதுதான் மிச்சம். மழை பெய்யும் நாளில் கூரை மட்டும் இருக்கட்டும், இரு முனைகளையும் திறந்து வையுங்கள். வெயில் அடித்துக் காற்று உலரும் நேரத்தில் மூடுங்கள். ஆனால் உள்ளே 35 டிகிரியைத் தாண்டினால் உடனே திறந்துவிடவேண்டும். ஈரப்பதமும் வெப்பமும் காட்டும் சின்னக் கருவி மலிவாகவே கிடைக்கிறது, அதைக் குச்சிகளின் உயரத்தில் தொங்கவிடுங்கள். ஊகத்தைவிட அது நம்பகமானது.

வேர்விட வைக்கும் ஊக்கியான ஐ.பி.ஏ. (இண்டோல் பியூட்ரிக் அமிலம்) தூள் 1 கிராம் வாங்கினேன். தண்ணீரில் போட்டால் கரையாமல் மிதக்கிறது. எந்த அளவில் கரைப்பது?
வாசகர், திண்டுக்கல்

சாதாரண ஐ.பி.ஏ. தண்ணீரில் கரையாது. பொட்டாசியம் உப்பாக விற்பதுதான் தண்ணீரில் கரையும். 1 கிராம் தூளை 100 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்தால் 10,000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) தாய்க்கரைசல் கிடைக்கும். இதைப் பழுப்புநிறப் பாட்டிலில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். பிள்ளைகள் கைக்கு எட்டாமல், பெயர் எழுதி ஒட்டி வையுங்கள். நடும் நாளில் தாய்க்கரைசல் 10 மில்லி, ஆல்கஹால் 40 மில்லி, தண்ணீர் 50 மில்லி கலந்தால் 100 மில்லி 1,000 பி.பி.எம். கரைசல் தயார். சில நூறு குச்சிகளுக்கு இது தாராளம். தண்ணீர் சேர்க்கும்போது பால்போல் வெளுத்தால் மருந்து பிரிந்துவிட்டது என்று பொருள். இன்னும் கொஞ்சம் ஆல்கஹால் ஊற்றினால் தெளியும்.

சிறு கிண்ணத்தில் ஊற்றி, குச்சியின் அடியில் 1 முதல் 1.5 சென்டிமீட்டர் மட்டும் 5 முதல் 10 விநாடி நனையுங்கள். ஓரிரு நிமிடம் ஆல்கஹால் உலர்ந்த பின் நடுங்கள். மீந்த கரைசலைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றாதீர்கள். ஆல்கஹாலுக்குப் பதிலாகச் சேனிடைசர் உதவாது, அதில் கிளிசரின் கலந்திருக்கும்.

அளவு கூடினாலும் அடி கறுக்கும் என்பதால் அழுகலோடு குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. மருந்து கருக்கியது என்றால் நனைத்த நீளத்துக்கு மட்டும் கறுத்து, உலர்ந்து, அங்கேயே நின்றுவிடும். அழுகல் என்றால் மெத்தென்று இருக்கும், நாற்றம் வரும், நாளுக்கு நாள் மேலே ஏறும்.

மருந்துக்குப் பதிலாக இளநீரில் ஊறவைக்கலாமா? கற்றாழைச் சாறு?
வாசகி, பொள்ளாச்சி

இளநீர் வேண்டாம். அதில் இருப்பது தளிர் விட வைக்கும் சைட்டோகைனின் வகை ஊக்கி. வேர் கிளம்புவதை அது தடுக்கவே செய்யும். அதிலுள்ள சர்க்கரை மழைக்காலத்தில் பூஞ்சைக்கு விருந்து. கற்றாழைச் சாற்றால் கெடுதல் இல்லை, ஆனால் ஐ.பி.ஏ.வுக்கு ஈடாக அதை நம்பவேண்டாம். மல்லி ஓரளவு தானாகவே வேர்விடும் செடிதான். ஊக்கி வேரின் எண்ணிக்கையைக் கூட்டும், நாளைக் குறைக்கும்.

தண்டில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி எழும்பியிருக்கிறது. பூஞ்சைக்கொல்லியான கார்பென்டசிம் தெளிக்கவா?
வாசகர், கடலூர்

அவை தண்டின் சுவாசத் துளைகள். காற்று அளவுக்கு மேல் ஈரமாக இருந்தால் இப்படிப் புடைக்கும். நகத்தால் சுரண்டிப் பாருங்கள், நூல்நூலாக வராவிட்டால் பூஞ்சை இல்லை. மூடாக்கைத் திறந்து காற்று விட்டால் போதும். வெள்ளை நூலோடு கடுகுபோல் பழுப்பு மணிகள் தெரிந்தால் அது ஸ்கிளிரோசியம் என்ற அழுகல் பூஞ்சை. அந்தப் பையையும் பக்கத்துப் பைகளையும் அப்புறப்படுத்துங்கள். கலவையில் டிரைக்கோடெர்மா சேர்த்திருந்தால் கார்பென்டசிம் ஊற்றாதீர்கள், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய நல்ல பூஞ்சையை அது கொன்றுவிடும்.

புதுத் தளிர் வந்துவிட்டதே என்று மூடாக்கை எடுத்தேன். ஒரே மத்தியானத்தில் எல்லாம் தலைகவிழ்ந்துவிட்டன.
வாசகி, மதுரை

தளிர் வந்ததால் வேர் வந்துவிட்டது என்று கொள்ளக்கூடாது. தண்டில் சேர்ந்திருக்கும் உணவைக் கொண்டே மொட்டு முளைத்துவிடும். பையின் அடித்துளையில் வெள்ளை வேர் தெரிகிறதா என்று பாருங்கள்; மல்லிக்கு இதற்கு 30 முதல் 45 நாள் ஆகலாம். நவம்பர் கடைசியில் கவாத்து செய்து கழித்த கிளைகள் என்றால் மார்கழிக் குளிரில் இன்னும் தாமதமாகும். இழுத்துப் பார்க்காதீர்கள், புது வேர் நொறுங்கும்.

வேர் தெரிந்த பிறகும் திறப்பதைப் படிப்படியாகத்தான் செய்யவேண்டும். முதலில் காலையிலும் மாலையிலும் ஒரு மணி நேரம், மூன்று நாள் கழித்து இரவு முழுக்க, அதன்பின் பகலிலும். ஈரக்காற்றில் வளர்ந்த இலைக்கு மேல்தோல் மெழுகு குறைவு, உலர்ந்த காற்றைத் தாங்கப் பழக வேண்டும். பத்து நாளில் முழுக்கத் திறந்துவிடலாம். அதன் பிறகு தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு 1 கிராம், வாரம் ஒருமுறை. இப்போது வாடியவற்றை உடனே மூடி, இலைமேல் மெல்லிய தூவல் கொடுங்கள். அடியில் தண்ணீர் ஊற்றவேண்டாம்.

அதே கூடாரத்தில் மிளகுக் கொடியும் வைக்கலாமா?
வாசகர், கொல்லிமலை

வைக்கலாம், ஆனால் தனி மேசையில். தரையில் ஓடும் கொடியிலிருந்துதான் மிளகுக்கு இரண்டு மூன்று கணுக் குச்சி எடுப்பது வழக்கம். மண்ணில் படர்ந்த கொடி வாடல் நோய்க் கிருமியான பைட்டோப்தோராவைச் சுமந்துவரலாம். அதனால் ஓடுகொடியைத் தாய்ச்செடி அருகே குச்சி ஊன்றி, மண் படாமல் சுற்றி வைத்திருந்து பிப்ரவரி, மார்ச்சில் வெட்டுவதே நல்லது. மிளகுப் பையில் வடியும் தண்ணீர் மல்லிப் பை மேல் விழாதபடி மேசையை அமைத்துக்கொள்ளுங்கள்.