கார் ஷாக்கை ரீஃபில் பண்ணலாமா, புதுசே போடலாமா?

கேள்வி: கோத்தகிரியில் தனியார் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். 2013 மாடல் சின்ன கார் வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை அம்மாவை மேட்டுப்பாளையம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். வளைவுகளில் முன்பக்கம் ‘டொக் டொக்’ என்கிறது. எல்லாம் புதிதாகப் போட்டால் 36,000 ரூபாய். ஷாக்கை (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பரை) ரீஃபில் செய்து, கோவையில் பழைய லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் இரும்புக் கை) வாங்கிப் போட்டால் 13,000-ல் முடித்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். அவர் எழுதித் தந்த செலவுச் சீட்டை இணைத்துள்ளேன். அவசரத்துக்கென்று வங்கியில் 60,000 இருக்கிறது. அதைத் தொட மனமில்லை. கிரெடிட் கார்டு தவணையில் போடலாமா?

பதில்: இந்தக் காரை இன்னும் எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள்? அதை வைத்துத்தான் கணக்கே. 15 வருஷம் முடிந்து 2028-ல் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிவரும். சீக்கிரமே விற்கிற எண்ணம் இருந்தால் 36,000 போடாதீர்கள்; ஷாக் புதுசு என்பதற்காக யாரும் அந்தப் பணத்தைக் கூட்டித் தரமாட்டார்கள். 2028 வரையாவது ஓட்டுவீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

மெக்கானிக்கின் செலவுச் சீட்டில் ஷாக் நான்கு 15,000, காயில் ஸ்பிரிங் 8,000, லோயர் ஆர்ம் 6,000, மவுண்ட், லிங்க் ராடு 3,000, கூலியும் அலைன்மென்டும் 4,000. இதில் எல்லாமே தேவையில்லை.

ஸ்பிரிங்கில் விரிசலோ ஆழமான துருவோ இல்லை, இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கிறது என்றால் பழசே போதும். 8,000 மிச்சம். ஆர்மும் அப்படித்தான், இரும்பு வளையாமல் இருந்தால் புஷ்ஷை (அதன் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளையை) மட்டும் பிரஸ்ஸில் தள்ளி மாற்றலாம். பால் ஜாயின்ட் (ஆர்மின் நுனியில் இருக்கும் குண்டு மூட்டு) தனியாக மாற்ற முடிகிற ஆர்மாக இருந்தால் அதையும் புதிதாகவே போடுங்கள். இதற்கு 2,000 வைத்துக்கொள்ளலாம். எந்த வண்டி மோதிக் கழற்றியது என்று தெரியாத ஆர்மை மட்டும் வாங்காதீர்கள்.

ஷாக்கில்தான் மிச்சம் பிடிக்கக் கூடாது. சின்ன கார்களில் வருவது பெரும்பாலும் சீல் செய்த ஷாக். ரீஃபில் என்றால் அதை அறுத்து, எண்ணெய் ஊற்றி, கசிவைத் தடுக்கும் சீலை மாற்றி, மறுபடி வெல்டிங் வைப்பார்கள். ஷாக்குக்குள் ஏறி இறங்கும் ராடில் ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் புதுச் சீலைத் தின்றுவிடும். நானும் ஒருமுறை பத்து ரூபாய் மிச்சம் பார்க்கிறேன் என்று ரீஃபில் போட்டேன். மூன்றாம் மாதம் குனிந்து பார்த்தால் ஷாக் உடம்பெல்லாம் ஈரம், அதில் செம்மண் அப்பிக் கிடந்தது. இரண்டாம் தடவை கூலியும் என் தலையில்தான்.

அப்புறம் உங்கள் ரோடு. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர்தான், ஆனால் சுமார் 1,500 மீட்டர் இறங்குகிறீர்கள். பிரேக் மிதிக்கிற ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது; அந்த ஆட்டத்தை அடக்குவது முன் ஷாக்தான். ஷாக் செத்திருந்தால் டயரும் திட்டுத் திட்டாகத் தேயும்; அந்தச் செலவு மெக்கானிக் சீட்டில் வராது.

ஆக ஷாக் 15,000, ஆர்ம் வேலை 2,000, மவுண்ட், லிங்க் ராடு 3,000, கூலியும் அலைன்மென்டும் 4,000. மொத்தம் 24,000.

இன்சூரன்ஸில் கேட்க வேண்டாம், தேய்மானத்துக்குக் கிளெய்ம் கிடையாது. வண்டியை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும் என்று பாலிசியிலேயே நிபந்தனை உண்டு.

பணத்தை அந்த 60,000-லிருந்தே எடுங்கள். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வண்டி அவசரம் இல்லையென்றால் வேறு எது அவசரம்? ‘வட்டியில்லாத் தவணை’யிலும் பல கார்டுகளில் பிராசசிங் கட்டணமும் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு. ஒரு மாதம் தவறினால் வட்டி மாதத்துக்கே 3 சதவீதத்தைத் தாண்டலாம். எடுத்ததை மாதம் 2,000 வீதம் ஒரு வருஷத்தில் திரும்பப் போட்டுவிடுங்கள்.

வேலை முடிந்ததும் கழற்றிய ஷாக்குகளை டிக்கியிலேயே போட்டுத் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் அதுவே ரீஃபிலாகி அடுத்த மாதம் வேறொருவர் வண்டியில் ஏறிவிடும்.