கரியின் வயது, இரும்பின் வயது

கேள்வி: 2025இல் வந்த தொல்லியல் செய்திகளில் முதலிடம் எதற்குத் தருவீர்கள்? சிவகளை இரும்புக்கு 5,300 ஆண்டு வயது என்று அறிவித்த பிறகும் சில ஆய்வாளர்கள் தயங்குகிறார்களே, பொறாமைதானே காரணம்?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: முதலிடம் உங்கள் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளைக்குத்தான். ஆனால் தயங்குகிறவர்களைப் பொறாமைக்காரர்கள் என்று ஒதுக்குவது சிவகளைக்கே கெடுதல். அவர்கள் கேட்பது ஒரு நியாயமான கேள்வி: வயது தெரிந்தது கூடக் கிடைத்த கரிக்கா, இரும்புக்கா?

அந்த ஆண்டின் மற்ற இரண்டு பெரிய செய்திகளைப் பாருங்கள். பிப்ரவரியில் எகிப்து, இரண்டாம் துத்மோஸ் மன்னரின் கல்லறையைக் கண்டதாக அறிவித்தது. வெள்ளம் புகுந்த கல்லறை அது. ஆனாலும் கிடைத்த அலபாஸ்டர் சாடித் துண்டுகளில் மன்னரின் பெயர் வெட்டியிருந்தது. ஜூலையில் பெலீஸ் நாட்டின் கராகோலில், கி.பி. 331இல் அரியணை ஏறிய மாயா மன்னர் தே கப் சாக்கின் கல்லறை கிடைத்த செய்தி வந்தது. இரண்டு இடத்திலும் யாருடையது என்று சொல்ல எழுத்துச் சான்று துணை நின்றது. சிவகளைத் தாழிக்குள் (இறந்தவர்களைப் புதைத்த பெரிய மண்பானை) அப்படி ஒரு பெயர் இல்லை. அங்கே காலத்தைச் சொல்ல வேண்டியவை கரித்துண்டும் பானை ஓடும்தான்.

ஜனவரி 23 அன்று வெளியான 'இரும்பின் தொன்மை' அறிக்கையில் பேராசிரியர் ராஜனும் தொல்லியல் துறையின் சிவானந்தமும் தந்திருப்பது இதைத்தான். இரும்புப் பொருள்கள் கிடைத்த தாழிகளின் கரி மாதிரிகளுக்கு கி.மு. 2953 முதல் 3345 வரை காலம் வந்தது. மாதிரிகள் ஒரே கூடத்துக்குப் போகவில்லை. புளோரிடாவின் பீட்டா அனலிட்டிக், லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனம், அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகம் என மூன்று இடங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். இது பாராட்ட வேண்டிய முறை.

"கரி மாசுபட்டிருக்கும்" என்பது பலர் சொல்லும் ஆட்சேபம். கணக்குப் போட்டால் அது நிற்காது. கரிமம்-14 முறையில் (உயிர் போனபின் தேய்ந்துகொண்டே வரும் கதிரியக்கக் கரிமம் எவ்வளவு மிச்சம் என்று அளந்து வயது சொல்வது) 1 சதவீதம் பழங்கரிமம் (நிலக்கரி போல, கரிமம்-14 முழுக்கத் தீர்ந்துபோனது) கலந்தால் வயது சுமார் 80 ஆண்டு கூடும். 1 சதவீதம் இன்றைய கரிமம் கலந்தால், இந்தப் பழமையுள்ள மாதிரிக்கு 60 ஆண்டு போலக் குறையும். கி.மு. 1200ஐச் சேர்ந்த கரி கி.மு. 3300 என்று காட்ட வேண்டுமானால் ஏறக்குறைய 18 சதவீதம் பழங்கரிமம் கலந்திருக்க வேண்டும். மாதிரியை அமிலம், காரம், மறுபடி அமிலம் என்று கழுவியபின் அவ்வளவு தங்குவது நடக்காத காரியம். 'பழைய மரம்' என்ற வாதமும் சில நூறு ஆண்டைத்தான் விளக்கும். மரத்தின் உள்வைரம் அது எரிந்த நாளைவிட மூத்தது என்பது உண்மை. ஆனால் இந்தப் பக்கத்து விறகு 2,000 ஆண்டு மூத்ததாக இருக்காது.

மீதமிருப்பதுதான் உண்மையான சிக்கல். கரியும் இரும்பும் ஒரே நாளில் தாழிக்குள் போனவையா? தாழி புதைக்கக் குழி தோண்டுகிறார்கள். அந்த மண்ணில் ஆயிரம் ஆண்டு முன்னே எரிந்த புதரின் கரி கிடக்கலாம். மண்ணை மறுபடி தள்ளும்போது அதுவும் உள்ளே விழும். எலி வளையும் வேரும் கரியை மேலும் கீழும் இழுத்துப் போகும். மூடி உடைந்த தாழியில் இந்த ஆபத்து அதிகம். மூடி அப்படியே இருந்து, உள்ளே மண் புகாத தாழியில் குறைவு. சிவகளையில் அப்படி ஒரு தாழியில் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 1155 என்று காலம் வந்தது. பானை ஓடுகளுக்கு ஓஎஸ்எல் முறையில் (கடைசியாகச் சூடோ வெளிச்சமோ பட்டபின் ஓட்டின் துகள்களில் சேர்ந்த கதிரியக்கத் தாக்கத்தை ஒளியால் அளப்பது) வந்தது கி.மு. 2400களை ஒட்டியது. ஒரே இடுகாட்டில் 1155, 2400, 3345! தலைமுறை தலைமுறையாகப் புதைத்த இடம் என்றால் இது பொருந்தும். அப்படியில்லை என்றால் ஏதோ ஒரு மாதிரி வேறு காலத்தைச் சொல்கிறது. ஓஎஸ்எல் முறையில் 5 முதல் 10 சதவீதம் பிழை சகஜம். 4,400 ஆண்டுக்கு அது 220 முதல் 440 ஆண்டு. ஓட்டுக்கும் கரிக்கும் இடையே உள்ள 900 ஆண்டு இடைவெளியை அது முழுதும் மூடாது.

இதை அடுத்த தாழியிலேயே சரிபார்க்கலாம். ஒரு தாழியில் ஒரு கரித்துண்டு போதாது. மேல், நடு, அடி என்று குறைந்தது மூன்று வேண்டும், ஒவ்வொன்றும் எத்தனை சென்டிமீட்டர் ஆழம் என்று குறித்தபடி. வெறுங்கை படாமல் இடுக்கியால் எடுத்து அலுமினியத் தாளில் மடிக்க வேண்டும். பஞ்சும் காகிதமும் ஆகாது, அவற்றின் இழை புதுக் கரிமம். மரத்துண்டைவிடச் சுள்ளியோ விதையோ நல்லது, ஏனென்றால் அவை ஓரிரு ஆண்டில் விளைந்தவை. பானை ஓடுகளை வெயில் காட்டாமல் கறுப்புப் பையில் போட்டு, சுற்றியிருந்த மண்ணிலும் ஒரு கைப்பிடி சேர்த்து அனுப்ப வேண்டும். அந்த மண்ணின் கதிரியக்கமும் ஈரப்பதமும் தெரியாமல் ஓட்டின் வயதைக் கணக்கிட முடியாது.

அதைவிட முக்கியம் இரும்பையே கேட்பது. எகிப்தின் கெர்சே கல்லறைகளில் 1911இல் கிடைத்த 9 இரும்பு மணிகள் கி.மு. 3200ஐ ஒட்டியவை. ஆனால் அவை விண்கல் இரும்பு. சிவகளை வாளும் கத்தியும் உலையில் உருக்கியவை என்பதை நிறுவ ஒரு குறுக்குவெட்டு போதும். விண்கல் இரும்பில் நிக்கல் பொதுவாக 5 சதவீதத்துக்கு மேல் இருக்கும். ஊதுலை இரும்பில் அது மிகக் குறைவு, அடித்து நீட்டியபோது சிக்கிய கசடு இழை இழையாகத் தெரியும்.

அந்த இரும்புக்குள் உலைக் கரியிலிருந்து ஏறிய கரிமமும் இருக்கிறது. அதன் காலத்தை நேரே அளக்கலாம். கரிமம்-14 அணுக்களை நேரே எண்ணும் ஏஎம்எஸ் கருவிக்கு 1 மில்லிகிராம் கரிமம் போதும். 0.5 சதவீதம் கரிமமுள்ள எஃகு என்றால் 0.2 கிராம் உலோகம், 0.05 சதவீதமே உள்ள மெல்லிரும்பு என்றால் 2 கிராம். துருவை அளந்து பயனில்லை, நிலத்தடி நீரின் கார்பனேட்டு அதில் ஏறியிருக்கும். ஆகவே துரு தின்னாத உள் உலோகம் உள்ள பொருளாகத் தேட வேண்டும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் உள்ளே உலோகம் மிஞ்சியிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

சிவகளையில் கிடைத்த கத்தி, அம்புமுனை, உளி, கோடரி, வாள் இவற்றில் உள் உலோகம் மிஞ்சிய ஒன்றே ஒன்று அகப்பட்டாலும் போதும். அதிலிருந்து 2 கிராம் வெட்டிக் கொடுக்கத் துறை மனம் வைக்க வேண்டும்.