பழைய லாரிக்கு வேறு கியர்பாக்ஸ் தேடுவதா, இருப்பதையே பிரித்து வேலை பார்ப்பதா?

கேட்டவரின் நிலைமை இது: இருபது வருடம் தாண்டிய டாடா 1613. லோடோடு மேடு ஏறும்போது செகண்ட் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருகிறது, கியர்பாக்ஸ் பெட்டியில் சத்தமும் இருக்கிறது. பாகங்களுக்காகப் பிரித்து விற்கும் உடைப்பு வண்டியிலிருந்து ஒரு பெட்டி எடுத்து மாட்டிவிடலாமா என்கிறார். அவருடைய மாமாவிடம் ஓடாமல் நிற்கும் பழைய ஆட்டோமேட்டிக் ஜீப்புக்கும் இதே வழி சரிப்படுமா என்பது கூடவே வந்த கேள்வி.

நாங்கள் சங்ககிரிப் பக்கம். அப்பா காலத்திலிருந்து வீட்டில் லாரி ஓடுகிறது, பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து வேலையைப் பார்த்தே வளர்ந்தவன் நான். உங்கள் பெட்டியைப் பிரித்துப் பார்க்கும்வரை வேறு எந்தப் பெட்டிக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஹவுசிங், அதாவது பெட்டியின் வெளிக்கூடு, நல்ல நிலையில் இருந்தால் உங்களுடையதையே வேலை பார்த்துக்கொள்வதுதான் மேல். உங்கள் வண்டி என்ன லோடு ஏற்றியது, எப்போது ஆயில் மாற்றியது என்பது உங்களுக்குத் தெரியும். உடைப்பு வண்டிப் பெட்டி எந்த மேட்டில் என்ன பாடு பட்டது என்பது விற்பவருக்கே தெரியாது.

பெட்டியை இறக்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனைகள் சில உண்டு. காசு செலவில்லாதவை, ஆனால் பாதிப் பேர் செய்வதில்லை. வண்டியை நியூட்ரலில் நிறுத்தி இன்ஜினை ஓட விடுங்கள். கிளட்ச் பெடலில் கால் வைக்காதபோது சத்தம் வந்து, மிதித்தவுடன் நின்றால், இன்ஜினிலிருந்து சுற்றை வாங்கும் இன்புட் ஷாஃப்டின் பேரிங், அல்லது அதனிடமிருந்து வாங்கி மற்ற கியர்களுக்குக் கொடுக்கும் லே ஷாஃப்டின் பேரிங். மிதிக்கும்போதுதான் சத்தம் என்றால் முதல் சந்தேகம் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மேல். ஓட்டும்போது மற்ற கியர்களில் சத்தம் போட்டு, டாப்பில் மட்டும் அடங்கினால் லே ஷாஃப்ட் பக்கம் பாருங்கள். டாப் கியர் டைரக்டாக இருக்கும் பெட்டிகளில் இன்ஜினின் இழுவை நேராக, சக்கரத்துக்குச் சுற்றை அனுப்பும் மெயின் ஷாஃப்டுக்குப் போய்விடும், லே ஷாஃப்ட் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். சத்தம் அடங்குவது அதனால்தான்.

ரிவர்ஸ் போடும்போது 'கரக்' என்று உரசினால் உடனே பெட்டியைக் குறை சொல்ல வேண்டாம். பெடலை முழுதாக மிதித்துச் சில நொடி பொறுத்து அப்புறம் போட்டுப் பாருங்கள். அப்போதும் உரசினால் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம். பெட்டியில் ஒரு நட்டைக்கூடத் தொட வேண்டியிருக்காது.

கியர் கழன்று வருவதற்கும் பெட்டிக்கு வெளியே காரணம் இருக்கலாம். கியர் ராடு இணைப்பில் புஷ் தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் மவுண்டிங் ரப்பர் கிழிந்து, லோடு இழுக்கும்போது பெட்டியே ஒரு பக்கம் அசையும். இவை இரண்டையும் பார்த்த பிறகு டிரைன் பிளக்கைக் கழற்றுங்கள். காந்தம் வைத்த பிளக் என்றால் அதில் சாம்பல் நிறத்தில் மாவு போல ஒட்டியிருப்பது வயதான பெட்டியில் வழக்கம்தான். செதில் செதிலாகவோ ஊசி மாதிரியோ இரும்பு வந்தால் பேரிங்கோ பல்லோ போய்க்கொண்டிருக்கிறது. ஆயிலை வெயிலில் பிடித்துப் பார்க்கும்போது தங்க நிறத்தில் மினுமினுத்தால் அது, கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோ வளையத்தின் பித்தளை.

எங்கள் வண்டியிலும் இதே செகண்ட் கியர் தொல்லை வந்தது. முதலில் பார்த்த பட்டறையில் செகண்ட் கியர் ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டு மூடிக் கொடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடி, மறுபடி பழைய கதை. அப்புறம் அப்பாவுக்குப் பழக்கமான மேஸ்திரி ஒருவரிடம் கொண்டுபோனோம். மேல் மூடியைத் திறந்ததும் அவர் பல்லைப் பார்க்கவில்லை, மெயின் ஷாஃப்டை ஒரு கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். கண்ணுக்குத் தெரியும்படி ஆடியது. "ஏனுங்க, தண்டே நிலையா நிக்கல, கியரை மாத்தி என்னத்துக்கு ஆகும்?" என்றார்.

இன்புட் ஷாஃப்டின் பின்பக்கக் குழிக்குள் மெயின் ஷாஃப்டின் முன்நுனி ஒரு ரோலர் பேரிங்கில் உட்கார்ந்திருக்கும். எங்கள் பெட்டியில் அந்த ரோலர்களின் மேல்தோல் பொரிந்து, நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. அது தேய்ந்தால் லோடு விழும்போது மெயின் ஷாஃப்ட் சாய்கிறது. கியரை ஷாஃப்டோடு பூட்டும் ஸ்லீவும் கியரின் பக்கவாட்டுச் சிறுபற்களும் நேராகக் கடிக்காமல் சாய்வாகக் கடிக்கின்றன, இழுவையே ஸ்லீவை வெளியே தள்ளிவிடுகிறது. புதுக் கியரின் சிறுபற்களும் அதனால்தான் சீக்கிரமே முனை மழுங்கியிருந்தன. காரணத்தை விட்டுவிட்டு உடைந்ததை மட்டும் மாற்றினால் இப்படித்தான் ஆகும்.

இன்னொன்றும் அங்கே தெரிந்தது. புதுக் கியரோடு சேர்ந்து ஓடும் லே ஷாஃப்ட் கியர் பழையது. தேய்ந்த பல்லோடு புதுப் பல் ஓடினால் சத்தம் போடும், புதியதையும் சேர்த்துக் கெடுக்கும். கியர் மாற்றுவதென்றால் ஜோடியாக மாற்றுங்கள். ஜோடி கிடைக்காத பழைய மாடலுக்கு, ஒரே பெட்டியிலிருந்து எடுத்த பழைய ஜோடியே பரவாயில்லை.

சரி, தேடும் வேலைக்கு வருவோம். நம் பக்கத்தில் இதற்குக் குறைவில்லை. சங்ககிரி, நாமக்கல் லாரிப் பட்டறைகளில் சொல்லி வைத்தால் உடைப்பு வண்டித் தகவல் வரும். கோவையில் உக்கடம் பழைய இரும்புக் கடைகள் இருக்கின்றன. அங்கெல்லாம் கிடைக்காவிட்டால் சென்னை புதுப்பேட்டை. பெட்டியில் பதித்திருக்கும் தகடு அல்லது குத்திய எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். டாடாவில் ஜிபிஎஸ்-40, ஜிபிஎஸ்-50 என்று முகஜாடை ஒன்றாகவே இருக்கும் பெட்டிகள் உண்டு, வாய்ப்பேச்சை நம்பி ஏற்றி வரக் கூடாது. இன்புட் ஷாஃப்டில் நீளவாக்கில் வெட்டியிருக்கும் ஸ்ப்ளைன் பற்களை எண்ணுங்கள், உங்கள் கிளட்ச் பிளேட்டோடு அது பொருந்த வேண்டும். பெட்டி இன்ஜினோடு சேரும் பெல் ஹவுசிங்கின் போல்ட் துளைகள், ப்ரொபெல்லர் ஷாஃப்ட் மாட்டும் பின் ஃபிளேஞ்சின் துளைகள், ஸ்பீடோ கேபிள் வரும் இடம் இவற்றையும் ஒத்துப் பாருங்கள். ரேஷியோ, அதாவது கியரின் சுற்று விகிதம், சந்தேகமாக இருந்தால் கியரைப் போட்டு, சாக்பீஸால் கோடு கிழித்து, பின் ஃபிளேஞ்ச் ஒரு சுற்று வர இன்புட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று கையால் சுற்றி எண்ணிவிடலாம்.

மூடியைத் திறந்து காட்ட மாட்டேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள். திறந்தால் பல்லை விட முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஹவுசிங். வெல்டிங் தழும்பு இருக்கிறதா, பேரிங் உட்காரும் போரில் பேரிங்கின் வெளிவளையம் சுற்றித் தேய்ந்த பளபளப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். போர் மட்டும் லேசாகத் தேய்ந்திருந்தால் கோவையில் நல்ல லேத் பட்டறையில் போரிங் போட்டு உள்ளே ஒரு ஸ்லீவ் வளையம் ஏற்றிக்கொள்ளலாம். இந்த வேலைக்குக் கோவைக்காரர்களின் கை வேறு எங்கும் வராது என்பது என் அனுபவம். விரிசல் விட்ட ஹவுசிங்கை அப்படியே விட்டுவிட்டு வாருங்கள்.

டிப்பர், தண்ணி லாரி மாதிரி பி.டி.ஓ. (பெட்டியிலிருந்து சுற்றை எடுத்து பம்பை ஓட்டும் அமைப்பு) போட்ட வண்டியின் பெட்டி என்றால் கிலோமீட்டரைப் பார்த்து மயங்க வேண்டாம். வண்டி நின்றுகொண்டிருக்கும்போதும் பெட்டி வேலை செய்திருக்கும், மீட்டரில் அது ஏறாது. பில்லும் கேட்டு வாங்குங்கள். ஆர்.சி.யில் இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் இருக்கும், கியர்பாக்ஸ் எண் இருக்காது. பெட்டி எங்கிருந்து வந்தது என்பதற்கு உங்கள் கையில் அந்த பில் ஒன்றுதான் சாட்சி.

பேரிங்குக்காக அலைய வேண்டியதில்லை. ஓரத்தில் குத்தியிருக்கும் எண்தான் எல்லாம். 6310 என்றால் கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கி உள்விட்டம் 50 மி.மீ., வெளிவிட்டம் 110, அகலம் 27. எந்தக் கம்பெனி செய்தாலும் இதே அளவுதான். எண்ணுக்குப் பின்னால் சி3 என்று இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள், உள்ளிடைவெளி கூடுதலான ரகம் அது. போலி பேரிங் நிறையப் புழங்குகிறது, கம்பெனி டீலரிடமே வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். முன்பு பெரும்பாலானவற்றுக்கு 28 இருந்தது, ஆகவே பில் இல்லாமல் வாங்குவதில் மிச்சமும் பெரிதாக இல்லை.

பூட்டும்போது மேஸ்திரி பக்கத்திலேயே இருங்கள். பேரிங்கை ஆயிலில் 80, 100 டிகிரி வரை காய்ச்சினால் தானாக ஷாஃப்டில் இறங்கும். கேஸ் ஃபிளேம் காட்டுவதும், வெளிவளையத்தில் சுத்தியல் போடுவதும் புதுப் பேரிங்கை அன்றைக்கே கெடுக்கிற வேலை. மேல் மூடியில், கியரை நகர்த்தும் ஃபோர்க் ராடுகளுக்கு இடையில் சிறிய இன்டர்லாக் பின்கள் இருக்கும். அவை விட்டுப்போனால் ஒரே நேரத்தில் இரண்டு கியர் விழுந்து பெட்டி இறுகிவிடும், ஆகவே மூடுவதற்கு முன் கண்ணால் பார்த்துவிடுங்கள். ஏற்றும்போது பெட்டியின் எடை ஒரு கணம்கூட இன்புட் ஷாஃப்டில் தொங்கக் கூடாது, கிளட்ச் பிளேட் கோணிவிடும். ஜாக்கி டிராலி இல்லாத பட்டறையில் இந்த வேலையே வேண்டாம்.

ப்ரீதரையும் சொல்லியாக வேண்டும். பெட்டியின் தலையில் இருக்கும் சின்ன மூச்சுக்குழாய் அது. நம் ரோட்டுப் புழுதியும் ஆயில் பிசுக்கும் சேர்ந்து அதை அடைத்துவிடும். பெட்டி சூடாகும்போது உள்ளே காற்று விரிந்து, போக வழியில்லாமல் ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு ஆயிலோடு வெளியே வரும். சீலை மாற்றி மாற்றி ஒழுகல் நிற்காத வண்டிகளில் முதலில் இதைக் கழற்றி டீசலில் கழுவுங்கள்.

ஆயில் விஷயத்தில் கையேடு சொல்வதை மீறாதீர்கள். கிரவுனுக்கு, அதாவது பின் ஆக்சில் கியருக்கு, வாங்கிய ஜிஎல்-5 ரக ஆயில் மீதம் இருக்கிறது என்று கியர்பாக்ஸிலும் ஊற்றும் பழக்கம் நம் பக்கம் உண்டு. ஜிஎல்-4 கேட்கும் பெட்டியில் அதை ஊற்றினால் அதிலுள்ள கந்தகச் சேர்மானம் சூட்டில் பித்தளை சிங்க்ரோ வளையத்தை அரிக்கலாம், வழுக்கல் கூடுவதால் வளையம் பிடிக்கவும் தாமதமாகும். வேலை பார்த்த பெட்டியில் முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள். புதுப் பாகங்கள் உரசி உதிர்த்த தூளெல்லாம் அந்த ஆயிலில் இருக்கும்.

டிரைவரிடமும் ஒரு விஷயம் பேச வேண்டும். சத்தியமங்கலம் பக்கத்துத் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதும் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும், உயிருக்கே ஆபத்து, அது முதல் காரணம். பெட்டிக்கும் அது கேடு. ஆயிலை வாரி இறைப்பது லே ஷாஃப்ட். நியூட்ரலில் இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது அது மெதுவாகத்தான் சுற்றும், மெயின் ஷாஃப்டோ சக்கரத்தோடு வேகமாக ஓடும். மேலே இருக்கும் புஷ்களுக்கு ஆயில் போதாது. பழுதான லாரியைக் கட்டி இழுக்கும்போது லே ஷாஃப்ட் சுற்றவே சுற்றாது, அதனால்தான் பெட்டியிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் ப்ரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்றச் சொல்கிறார்கள்.

மாமாவின் ஜீப்புக்கு வருகிறேன். முதலில் காரணம், அப்புறம் பெட்டி என்பது அங்கேயும் அதேதான். வேலை முறை மட்டும் முழுக்க வேறு. முதலில் ஆயில் அளவு, நிறம், வாசம். தீய்ந்த வாசத்தோடு கறுத்திருந்தால் உள்ளே கிளட்ச் தகடுகள் வழுக்கி எரிந்திருக்கின்றன. வாசம் சரியாக இருந்தால் ஆயில் கூலர் குழாய், வயர் சாக்கெட், மின்சாரத்தில் திறந்து மூடும் சொலினாய்டு வால்வு இவற்றை ஸ்கேனர் போட்டுப் பாருங்கள், பிரிக்காமலே சரியாகும் வாய்ப்பு இருக்கிறது. பிரிக்க நேர்ந்தால் லாரிப் பட்டறையில் கொடுக்க வேண்டாம், ஆட்டோமேட்டிக் மட்டுமே பார்க்கும் பட்டறையைக் கோவையில் தேடுங்கள். ஆயிலைத் திருப்பிவிட்டுக் கியரை மாற்றும் வால்வ் பாடிக்குள் ஒரு சின்னத் தூசி சிக்கினால்கூடக் கியர் மாறுவது கெட்டுவிடும்.

இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே ஆயில் வழியாக இழுவையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் முழுக்க வெல்டு செய்து மூடிய கூடு. வெளியிலிருந்து கழுவினால் சுத்தமாகாது, வெட்டித் திறந்து சரிசெய்து பேலன்ஸ் பார்க்கத் தெரிந்தவரிடம் தர வேண்டும், இல்லையென்றால் வேறு போட வேண்டும். கூலரையும் ஃபிளஷ் செய்யாமல் விட்டால் பழைய பெட்டியின் தூள் புதுப் பெட்டிக்குள் வந்துவிடும். பூட்டும்போது கன்வெர்ட்டர் ஆயில் பம்புக்குள் முழுதாக உட்கார்ந்ததா என்று பார்த்த பிறகே போல்ட் முறுக்க வேண்டும், உட்காராமல் இறுக்கினால் பம்ப் உடையும். வேறு பெட்டி வாங்குவதென்றால் அதன் எண்ணும் அதை இயக்கும் கண்ட்ரோல் யூனிட் என்ற கம்ப்யூட்டரும் ஒத்துப்போகிறதா என்று அந்தப் பட்டறைக்காரரையே கூட்டிப்போய்ப் பாருங்கள்.

அந்த ஆயில் பம்பைச் சுற்றுவது இன்ஜின்தான், இன்ஜின் ஓடாமல் வண்டியை இழுத்தால் பெட்டிக்குள் ஆயில் போகாது. ஆகவே ஜீப்பைப் பட்டறைக்குக் கொண்டுபோகும்போது கயிறு கட்டி இழுக்காமல், நாலு சக்கரமும் மேலே இருக்கும்படி பிளாட்பெட் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.