ஒப்பந்தப் பேச்சு நெருங்குகிறது, பாதிப் பேர்கூட உறுப்பினர் இல்லை: என்ன செய்யலாம்?

சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு கிடங்கில் வேலை பார்க்கும் வாசகர் கேட்கிறார்: "எங்கள் சங்கக் கிளையில் நான் குழு உறுப்பினர். சம்பளம், படி பற்றி நிர்வாகமும் சங்கமும் போட்ட கூட்டு ஒப்பந்தம் எட்டு மாதத்தில் முடிகிறது. உறுப்பினர்கள் பாதிக்கும் குறைவு. சேரச் சொன்னால் 'சங்கம் என்ன கிழித்தது' என்கிறார்கள். வொர்க் பெர்மிட்டில் (வேலை அனுமதியில்) இருக்கும் நம்ம ஊர்ப் பையன்கள் பயப்படுகிறார்கள். பேச்சுக்கு முன்னால் ஆள் சேர்ப்பது எப்படி, எல்லாரையும் ஒற்றுமையாக வைத்திருப்பது எப்படி?"

முதலில் ஒன்றைப் பாருங்கள். உங்கள் கிளையில் சந்தா சம்பளத்திலிருந்து பிடிக்கப்படுகிறதா? ஆமாம் என்றால், எத்தனை பேர் உறுப்பினர், எந்தப் பிரிவில் ஆளே இல்லை என்பதெல்லாம் நிர்வாகத்துக்கு மாதாமாதம் தெரியும். நீங்கள் அறைக்குள் போய் உட்காருவதற்கு முன்பே அந்த எண்ணிக்கை அங்கே போய் உட்கார்ந்திருக்கும். சட்டப்படி கூட்டு ஒப்பந்தம் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 3 ஆண்டு என்பதால், இந்த முறை மெலிந்த உறுப்பினர் பட்டியலோடு போனால் அதன் பலனை அத்தனை காலமும் அனுபவிக்க வேண்டியிருக்கும்.

உடனே கிடைக்கும் சில ஆட்களும் இருப்பார்கள். முன்பு வேறு வேலையில் இருந்தபோது என்டியுசி (தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ்) உறுப்பினராகி, எந்த நிறுவனக் கிளையிலும் சேராமல் அதன் பொதுக் கிளையிலேயே சந்தா கட்டிக்கொண்டு இருப்பவர்கள். கையில் அட்டை இருக்கும், ஆனால் உங்கள் கிளைக் கணக்கில் வரமாட்டார்கள். கேட்டால் "நான்தான் ஏற்கெனவே மெம்பர் ஆச்சே" என்பார்கள். அவர்களை உங்கள் சங்கத்துக்கு மாற்றச் சொல்லித் தலைமையகத்தில் கேளுங்கள்.

மற்றவர்களிடம் ஃபேர்பிரைஸ் கடைப் புள்ளி, காப்புறுதி, பயிற்சிக் கட்டண உதவி என்று ஆரம்பிக்காதீர்கள். அதெல்லாம் நல்லதுதான், ஆனால் சலுகைக்காகச் சேர்ந்தவர் பேச்சு இழுபறியாகும்போது கூட நிற்பார் என்று எதிர்பார்க்க முடியாது. சேரச் சொல்வதற்கு முன் கேள்வி கேளுங்கள்: இந்த வேலையில் உங்களுக்கு எது உறுத்துகிறது? இரவு ஷிப்ட் படியா, ஓவர்டைம் கணக்கா, கம்பெனி பஸ்ஸா, 13-வது மாதச் சம்பளமா? பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர், பங்களாதேஷ்காரர் எல்லாரும் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்களென்றால் அதைக் கோரிக்கைப் பட்டியலின் தலையில் வையுங்கள். ஒற்றுமைக்கு அதைவிடப் பெரிய சொற்பொழிவு தேவையில்லை.

வேலை முடிந்து கூட்டம் போட்டால் யாரும் வரமாட்டார்கள். எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குத் திரும்புகிறவர் சோதனைச்சாவடி நெரிசலை நினைத்து ஓடுவார், டார்மிட்டரிக்கு (வெளிநாட்டு ஊழியர் விடுதிக்கு) போகிறவரை லாரி காத்திருக்காது. டீ நேரத்தில் கேன்டீனில் ரெண்டு ரெண்டு பேராகப் பேசுவதுதான் நடக்கும். ஒவ்வொரு ஷிப்டிலும் ஒருவரைப் பிடியுங்கள், அதிகம் பேசுகிறவரை அல்ல, சம்பளச் சீட்டில் ஏதாவது புரியவில்லை என்றால் மற்றவர்கள் யாரிடம் போய்க் காட்டுகிறார்களோ அவரை.

இனி அதிகம் சொதப்பும் இடத்துக்கு வருவோம். ஆள் சேர்க்கும் வேகத்தில் "ட்ரான்ஸ்ஃபரை நிறுத்துவோம், புரமோஷன் வாங்கித் தருவோம்" என்று சொல்லிவிடுவார்கள். தொழில் உறவுச் சட்டப்படி பதவி உயர்வு, இடமாற்றம், ஆள் எடுப்பது, ஆட்குறைப்பு, பணிநீக்கம், யாருக்கு என்ன வேலை என்பது, இவையெல்லாம் பேரத்துக்கு வெளியே, 1968-லிருந்து அப்படித்தான். நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்லலாம், ஆனால் ஒப்பந்தக் கோரிக்கையாக வைக்க முடியாது. (எனக்கு இதில் உடன்பாடு இல்லை, அது வேறு கதை.) முடியாததை முடியாது என்று இப்போதே சொல்லிவிட்டால் நாளைக்கு 'ஏமாத்திட்டாங்க' என்ற பேச்சு வராது.

வேலைநிறுத்தம் என்று யாராவது வாய்விட்டால் அமைதியாக விளக்குங்கள். பாதிக்கப்படும் உறுப்பினர்களிடம் ரகசிய வாக்கெடுப்பு நடத்திப் பெரும்பான்மை பெற வேண்டும். சங்கம் முறைப்படி அனுமதித்து நடந்த வேலைநிறுத்தம் என்று இங்கே இன்றும் எல்லாரும் சொல்வது 1986 ஜனவரியில் ஹைட்ரில் நிறுவனத்தில் நடந்ததைத்தான், இரண்டே நாள், அப்போது என்டியுசி தலைமைச் செயலாளர் ஓங் டெங் சியோங். பேச்சு முறிந்தால் வழக்கமான வழி மனிதவள அமைச்சின் சமரசம், அதுவும் சரிவராவிட்டால் தொழில் நடுவர் நீதிமன்றம். அங்கே எண்ணிக்கையும் ஆதாரமும்தான் பேசும், ஆகவே சம்பளச் சீட்டு நகல்களை இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள். தேசியச் சம்பள மன்றம் ஆண்டுதோறும் தரும் பரிந்துரையையும் படித்துவிட்டுப் போங்கள். அது கட்டாயமில்லை என்றாலும் குறைந்த சம்பள ஊழியருக்கு என்று தனியாகச் சொல்லியிருப்பதை நிர்வாகத்தால் சுலபமாக ஒதுக்க முடியாது.

பெர்மிட் தம்பிகள் விஷயம் கொஞ்சம் கவனம். வேலை அனுமதியில் இருப்பவர் சங்கத்தில் சேரத் தடையில்லை. உறுப்பினர் என்பதற்காக வேலையை விட்டு நீக்குவது குற்றம். ஆனால் நீக்கிவிட்ட பிறகு போராடுவது லேசில்லை, ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் வேறு தலைக்கு மேல் இருக்கும். அதனால் அவர்களைத் தள்ளி முன்னால் நிறுத்தாதீர்கள். குடியுரிமை இல்லாதவர் சங்க அதிகாரியாக அமைச்சரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும், பேச்சு மேசைக்கு உள்ளூர்க்காரர்களே போகட்டும். தம்பிகள் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அவர்கள் குறையையும் பட்டியலில் எழுதுங்கள். அதைப் பார்த்துச் சேருகிறவர்கள் உண்டு.

முதல் ஐந்து மாதம் ஆள் சேர்க்க, ஆறாவது மாதம் கோரிக்கைகளை உறுப்பினர்களிடமே படித்துக் காட்டி எதற்கு முன்னுரிமை என்று கைதூக்க வைக்க, மீதி பேச்சுக்கு. பேச்சு தொடங்கியதும் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒருவர்தான் தகவல் போட வேண்டும், ஒன்றுமே நடக்காத வாரத்திலும் "இந்த வாரம் பேச்சு இல்லை" என்றாவது போடச் சொல்லுங்கள்.